ஆறாண்டு மௌனமும் ஒரு நாள் விளையாட்டும்

"வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு வா. காலை முதல் மாலை வரை விளையாடலாம்" என்று நண்பர் தொலைபேசியில் அழைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஐம்பத்தெட்டு வயதில் விளையாட்டா? ஆனால், அழைத்தவர் 1984ஆம் ஆண்டு திருச்சியில் கல்லூரி விடுதியின் ஒரே அறையில் தங்கியிருந்த மூவரில் ஒருவர். விடுமுறை நாட்களில் கேரம் பலகையைச் சுற்றியே எங்கள் பொழுது கழிந்த காலம் அது. மறுக்க மனம் வரவில்லை.

அந்த மூவரில் மற்றவரையும் தாம் அழைத்திருப்பதை மட்டும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

அந்த மற்றவரும் நானும் திருச்சியில் பதினோரு ஆண்டுகள் கூட்டாகக் காகிதக் கடை நடத்தியவர்கள். 2018ஆம் ஆண்டு கூட்டைப் பிரித்தபோது ஒரு தொகையைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. தொகை பெரிதன்று. ஆனால், கடைப் பையன்களின் முன்னிலையில் "கணக்கை எடுத்துக் காட்டு" என்று நான் சொன்ன சொல் பெரிது. அன்றோடு பேச்சு நின்றது. மூன்று நாட்களுக்கு மேல் ஒரு சகோதரனோடு பேசாதிருத்தல் ஆகாது என்பதை இருவருமே அறிவோம். ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரே ஊரில் இருந்துகொண்டு, நிக்காஹ் பந்தலிலும் ஜனாஸாவிலும் ஒருவரையொருவர் காணாதவர்போல் நடந்துகொண்டோம்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது அவருடைய அத்தா மௌத்தானார். பெருநாள் விடுமுறைகளில் எனக்கும் சேர்த்துப் புத்தாடை எடுத்துத் தந்த மனிதர் அவர். நான் போகவில்லை. ஊரடங்கு எனக்கு ஒரு நல்ல சாக்காக அமைந்தது.

விளையாட்டென்றால் சூதா?

பெங்களூரில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்த சிறிய கூடம் அது. நீண்ட மேசைகள், சுவரோரம் அடுக்கப்பட்ட வண்ண வண்ணப் பெட்டிகள், ஐம்பது அறுபது பேர். கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்களும், பிள்ளைகளுடன் வந்திருந்த பெற்றோரும் அவர்களில் இருந்தனர். கைப்பேசியை எவரும் கையில் வைத்திருக்கவில்லை என்பதே என் கண்ணில் முதலில் பட்டது.

என் மனத்தில் ஓர் ஐயம் இருந்தது. இதில் சூதின் சாயல் இருக்குமோ? நண்பர் புரிந்துகொண்டார். "இங்கே யாரும் பணயம் வைப்பதில்லை. பகடை உருட்டுவதை நம் மார்க்கம் வெறுப்பதை நானும் அறிவேன். அதனால் பகடையே இல்லாத விளையாட்டுகளைத்தான் நமக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தொழுகை நேரத்துக்குப் பள்ளிவாசல் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது" என்றார்.

பலகையும் காயும் நமக்குப் புதியன அல்ல. நம் பாட்டிமார் புளியங்கொட்டைகளைக் கொண்டு பல்லாங்குழி ஆடியவர்கள். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபுகளின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தின் அப்பாஸிய அவையில் அஸ்ஸூலி என்னும் அறிஞர் அவ்விளையாட்டில் நிகரற்று விளங்கினார்; அதைப் பற்றி நூலும் எழுதினார். சதுரங்கம் கூடுமா, கூடாதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பணயமும், தொழுகையை மறக்கச் செய்யும் மயக்கமும் கூடா என்பதில் வேறுபாடு இல்லை.

இன்றைய பலகை விளையாட்டுகளுக்குப் புத்துயிர் அளித்த நாடு ஜெர்மனி. அங்கே 1979ஆம் ஆண்டிலிருந்து ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு விருது வழங்கப்பட்டு வருகிறது. எஸ்ஸன் நகரில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய விளையாட்டுக் கண்காட்சி உலகப் புகழ் பெற்றது. கிளாவுஸ் டாய்பர் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட 'கட்டான்' பல நாடுகளின் வீடுகளுக்குள் நுழைந்தது. அதில் பகடை உண்டு. 2000ஆம் ஆண்டு வந்த 'கார்கசோன்' விளையாட்டில் பகடை இல்லை. எழுபத்திரண்டு சதுர அட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி, சாலைகளும் கோட்டைகளும் அமைப்பதே அதன் ஆட்டம்.

வாய் திறக்காத இருவர்

மேசையை நெருங்கியபோதுதான் அவர் அமர்ந்திருப்பதைக் கண்டேன். தாடி முழுதும் நரைத்திருந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று பொதுவாகச் சொன்னேன். "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று அவரும் மேசையைப் பார்த்துச் சொன்னார். திரும்பிச் சென்றுவிடலாமா என்று தோன்றியது. நண்பரோ ஒன்றும் நடவாததுபோல் பெட்டியைத் திறந்தார்.

முதலில் 'டிக்கெட் டு ரைடு'. ஆலன் மூன் என்பவர் உருவாக்கி 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்க வரைபடத்தில் நகருக்கு நகர் ரயில் பாதை அமைக்க வேண்டும். அவர் தென்கிழக்கே எங்கோ செல்கிறார் என்பதை ஊகித்துக்கொண்டேன். நாஷ்வில்லுக்கும் அட்லாண்டாவுக்கும் இடையே ஒரே பெட்டி நீளமுள்ள சிறு பாதை ஒன்று உண்டு. எனக்கு அது தேவையே இல்லை. ஆயினும் என் பெட்டியை அங்கே வைத்து அடைத்தேன். அவர் முகம் சுருங்கியது. முடிக்காத பயணத்துக்கு மதிப்பெண் குறையும்; அவருக்குக் குறைந்தது. நான் வென்றேன். வென்ற மறுகணமே, நான் விளையாடியது விளையாட்டன்று, பழைய கணக்கு என்று உள்ளம் உறுத்தியது.

லுஹர் தொழுகைக்கு மூவரும் நடந்து சென்றோம். பெங்களூர் நண்பர் நடுவில் நின்றார்.

சென்னைச் சீட்டு

பிற்பகலில் நண்பரின் பதினேழு வயது மகனும் எங்களோடு சேர்ந்தான். "மாமா, இந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாது. வென்றால் நான்கு பேரும் வெல்வோம்; தோற்றால் நான்கு பேரும் தோற்போம்" என்று கூறிப் பெட்டியைத் திறந்தான். அதன் பெயர் 'பேண்டமிக்'. கொரோனாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2008ஆம் ஆண்டில், மாட் லீகாக் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட கொள்ளைநோய் விளையாட்டு.

உலக வரைபடத்தில் நாற்பத்தெட்டு நகரங்கள். நான்கு நிறங்களில் நான்கு நோய்கள். ஒரே நிறத்தில் ஐந்து நகரச் சீட்டுகளை ஒருவர் சேர்த்துக்கொண்டு ஆய்வு நிலையத்தை அடைந்தால், அந்த நோய்க்கு மருந்து கிடைக்கும். சீட்டுக்கட்டு தீர்வதற்குள் நான்குக்கும் மருந்து காண வேண்டும். பாக்தாத், ரியாத், கெய்ரோ, இஸ்தான்புல், சென்னை ஆகியன கறுப்பு நிறத்தில் அடங்கின. ஒருவர் தம் சீட்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால், இருவரும் ஒரே நகரில் நிற்க வேண்டும். அதுவும் அந்தச் சீட்டில் எழுதியுள்ள நகரிலேயே.

ஆட்டம் சூடு பிடித்தது. அவர் கையில் கறுப்பு எத்தனை என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "தம்பி, அவரிடம் கேள்" என்று பையனிடம் சொன்னேன். அவரும் பையன் வழியாகவே பதில் அளித்தார். இப்படியே இரண்டு சுற்றுகள் வீணாயின. பையன் பொறுமை இழந்து, "மாமா, நீங்கள் இருவரும் எதிரெதிரேதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? நேரே கேட்டால் என்ன?" என்றான். மேசையில் அமைதி நிலவியது.

மூன்று நோய்களுக்கு மருந்து கிடைத்துவிட்டது. கறுப்பு மட்டுமே எஞ்சியது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சென்னை உன்னிடம்தானே இருக்கிறது?"

ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் சொற்கள் அவை.

"ஆம். நான் சென்னைக்கு வந்து நிற்கிறேன். நீ வந்து வாங்கிக்கொள்" என்றேன்.

நான் ஜகார்த்தாவிலிருந்து வந்தேன். அவர் கராச்சியிலிருந்து மும்பை வழியாக வந்தார். சீட்டு கைமாறியது. அங்கேயே ஆய்வு நிலையமும் கட்டினார். அடுத்த முறை வந்தால் மருந்து. ஆனால், அவர் முறை திரும்பி வருவதற்குள் சீட்டுக்கட்டு தீர்ந்துவிட்டது. நால்வரும் தோற்றோம்.

"இரண்டு சுற்று முன்னதாகப் பேசியிருந்தால் வென்றிருப்போம்" என்று பையன் வருந்தினான். அவன் விளையாட்டைத்தான் சொன்னான்.

அஸர் முடிந்து தேநீர் அருந்தும்போது நானே வாய் திறந்தேன்: "அத்தாவின் மௌத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். கடையில் வைத்து அப்படிக் கேட்டதும் தவறு." அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அன்றைக்கு அம்மா இரண்டு முறை கேட்டார்கள், அவன் வரவில்லையா என்று" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திரும்பும் இரவு ரயிலில் எங்களுக்கு வெவ்வேறு பெட்டிகளில் இடம். ஆயினும் நள்ளிரவு கடந்தும் அவருடைய பெட்டியிலேயே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் வீட்டுக்குச் சென்றேன். அம்மாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. குரலைக் கேட்டே அடையாளம் கண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். கணக்குப் புத்தகத்தையும் எடுத்தோம். தொகையில் இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால், இப்போது ஒரே மேசையில் அமர்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம்.

விளையாட்டு பகையைத் தீர்க்கும் என்று நான் கூற வரவில்லை. தோற்றுப்போன ஆட்டம்தான் அது. எதிரே அமர வைத்தது; கேட்க வைத்தது; அவ்வளவே. வாசகர்களே, உங்களுக்கும் பேச்சு நின்றுபோன ஒரு நண்பரோ உறவினரோ இருக்கலாம். அவர் உங்கள் ஊரிலேயேகூட இருக்கலாம். கட்டில் இன்னும் எத்தனை சீட்டுகள் மீதமுள்ளன என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். இன்றே போய்ப் பாருங்கள்.