மூணு தடவை சொட்டு போட்டும் ஏன் வந்துச்சு? வேலூர் வைராலஜிஸ்ட் ஜேக்கப் ஜானின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

வழக்கம்போல புழல் காவாங்கரையில, மொட்டை மாடி ரூம்ல இருந்துதான் பேசுறேன். நடுவுல ஜி.என்.டி. ரோடு லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவோட தம்பிக்கு, இடது கால்ல போலியோ. பிறந்தது 1984. எங்க ஆயா அவரை மூணு தடவை சொட்டு மருந்துக்குத் தூக்கிட்டுப் போனதா சொல்வாங்க. சொந்தக்காரங்க நம்பலை. "ஒழுங்கா போட்டிருந்தா ஏன்மா வரப்போகுது?" எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடுவாங்க.

இந்தக் கேள்விக்கான பதில், மாமா பிறக்கிறதுக்கு 12 வருஷம் முன்னாடியே வேலூர்ல அச்சாகியிருந்த விஷயம். அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

டாக்டர் டி. ஜேக்கப் ஜான். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை மருத்துவராகவும் வைராலஜிஸ்டாகவும் வேலை பார்த்தவர். நோயாளிக்கு என்ன வைரஸ் வந்திருக்குன்னு கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடத்தை அங்கே வளர்த்தெடுத்தவர். போலியோ வார்டையும் பார்த்தார், ஆய்வுக்கூடத்தையும் பார்த்தார். அதனாலதான் இந்தக் கேள்வி அவர் கண்ணுல பட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல அடிப்படை. போலியோ வைரஸ் வாய் வழியா உள்ள போகும், குடல்ல பெருகும், மலத்துல வெளியேறும். தொற்றினவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எதுவுமே தெரியாது. சுமார் 200 பேர்ல ஒருத்தருக்குத்தான் கை கால் செயலிழக்கும். சொட்டு மருந்துல இருக்கிறது அதே வைரஸோட பலவீனமான வடிவம், ஆனா உயிரோட இருக்கிறது. அதுவும் குடல்ல பெருகினாத்தான் உடம்பு எதிர்ப்பு சக்தியை உருவாக்கும். பெருகலைன்னா, சொட்டு போட்டும் போடாத மாதிரிதான்.

அமெரிக்காவுல மூணு டோஸ் போட்டா கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் எதிர்ப்பு சக்தி வந்துச்சு. அதனால இங்கேயும் மூணு போதும்னு எல்லாரும் நினைச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, "என் மெஷின்ல ஓடுதே!" கேஸ்.

ஜேக்கப் ஜான் அதை வேலூர்ல சோதிச்சுப் பார்த்தார். சொட்டு போட்ட குழந்தைகளோட ரத்தத்துல எதிர்ப்பொருள் உருவாகியிருக்கான்னு அளந்தார். ஜெயபால் என்பவரோட சேர்ந்து 1972ல் வெளியிட்ட கட்டுரையோட தலைப்புலேயே முடிவைச் சொல்லிட்டாங்க: வெப்பமண்டலக் குழந்தைகள்ல சொட்டு மருந்து சரியா பிடிக்கிறதில்லை. 'குடல்ல இருக்கிற வேற வைரஸ் இடைஞ்சல் பண்ணுது' என்பதுதான் வழக்கமா சொல்ற காரணம். அவங்க தரவுல அதுவும் பொருந்தலை.

இதுல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒன்னு, குழந்தைக்குச் சொட்டு போடாம விடுறது. இன்னொன்னு, போட்டும் அது பிடிக்காம போறது. முதலாவதுக்குத் தாயைக் கேள்வி கேட்கலாம். ரெண்டாவதுக்கு டோஸ் அட்டவணையைத்தான் கேள்வி கேட்கணும்.

அப்போ என்ன பண்றது? டோஸைக் கூட்டிப் பார்த்தார். அஞ்சு டோஸ் கொடுத்தா என்ன ஆகுதுங்கிற ஆய்வு 1976ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்துச்சு. அடுத்து, வேலூர் நகரத்துல குழந்தைகளுக்கு ஒரே சமயத்துல சொட்டு கொடுத்துப் பார்த்தாங்க. தனித்தனியா, ஆளுக்கொரு நாள்ல கொடுக்காம ஒரே அலையா கொடுத்தா, ஊர்ல சுத்துற வைரஸுக்குப் புதுசா ஒட்டிக்க ஆள் கிடைக்காது. அதுதான் 'பல்ஸ்'. அந்த வேலூர் அனுபவம் 1983ல் அதே ஜர்னலில் வெளியாச்சு. இந்த யோசனை அவர் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. கியூபாவும் பிரேசிலும் ஏற்கெனவே நாடு முழுக்கச் செஞ்சிருந்தாங்க. ஆனா நம்ம ஊருக்கு அது ஏன் தேவைங்கிற கணக்கு வேலூர்ல இருந்து வந்துச்சு.

1995ல் இந்தியா முழுக்கப் பல்ஸ் போலியோ ஆரம்பிச்சது. என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஞாயித்துக்கிழமை, பால்வாடி வாசல், சுண்டுவிரல்ல மை. "ஏற்கெனவே போட்டாச்சே"ன்னு அம்மா சொன்னாலும் விட மாட்டாங்க. ஏன் விடலைன்னு இப்போ புரியுதுல்ல?

இந்தியாவோட கடைசி இயற்கைப் போலியோ வைரஸ் நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌராவில். 2014 மார்ச் 27 அன்று நம்ம பகுதிக்குப் போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் கிடைச்சது.

அவர் அதோட நிறுத்தலை. சொட்டு மருந்துல இருக்கிற உயிருள்ள வைரஸே அரிதாகச் சிலருக்கு வாதத்தை உண்டாக்கும். அதனால கொல்லப்பட்ட வைரஸ் உள்ள ஊசிக்கு மாறணும்னு பல வருஷம் வாதாடினார். 2015 நவம்பர்ல அந்த ஊசி நம்ம தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள்ள வந்துச்சு, சொட்டு மருந்தோட கூடவே.

மாமாவோட விஷயத்துல என்ன நடந்துச்சுன்னு இப்போ யாராலயும் நிரூபிக்க முடியாது. ஆனா ஆயா சொன்னது நடக்கக்கூடியதுதான். போன வாரம் இதை மாமாகிட்ட விளக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசலை. அப்புறம், "இதை அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்டா"ன்னாரு.

உங்க வீட்லயும் இப்படி ஒரு ஆயா இருந்தா, இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.