குழாயில் ஒரு கீறல்

ஜவுளிக்கடையில் பார்த்திருப்பீர்கள். துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. அப்புறம் கையாலேயே சர்ரென்று கிழித்துவிடுவார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் எஃகுக் குழாய்க்கும் அப்படி ஒரு சின்ன வெட்டுதான் எமன்.

ஒரு குழாய் சுமார் 30 அடி நீளம். பரவலாகப் புழங்கும் 5 அங்குலக் குழாயின் சுவர்க் கனம் 9 மில்லிமீட்டர் சொச்சம். மேலே அடுத்த குழாயை மாட்டும்போது, கீழே தொங்கும் குழாய்களின் மொத்தப் பாரத்தையும் பல் வைத்த ஆப்புகள் கவ்விப் பிடிக்கின்றன. கவனம் பிசகி, குழாய் அந்தப் பிடிக்குள் சுழன்றுவிட்டால் சுற்றுவாக்கில் வெட்டு விழும். நேராக இழுத்துப் பார்த்தால் பலம் பெரிதாகக் குறைந்திருக்காது. ஏமாற்றுவதே அதுதான்!

வளைந்த கிணற்றில் குழாய் சுழலும்போது, வெட்டு விழுந்த இடம் சுற்றுக்கு ஒரு தடவை விறைத்து, ஒரு தடவை தளரும். நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் ஒரு நாளில் 1,44,000 தடவை. வெட்டின் அடியில் மயிரிழை விரிசல் பிறந்து, சுவருக்குள் மெல்ல நகரும். அது மறுபக்கம் எட்டியதும், தோண்டும்போது குழாய்க்குள் அழுத்தத்தில் செலுத்தும் சேற்றுக் குழம்பான துளைச்சேறு பீறிட்டு ஓட்டையை அரித்துப் பெரிதாக்கும். கவனிக்காமல் விட்டால் குழாய் முறிந்து, பாதி கிணற்றுக்குள்ளேயே தங்கிவிடும்.

நீளவாக்கில் விழும் கீறல் இந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆழமில்லாத வெட்டைச் சாணைபிடித்து வழவழப்பாக்கலாம். அக்கறையோடு குழாயின் உடம்பிலேயே அடையாள எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பொறிப்பவர்களும் உண்டு. அந்த எண்ணிலிருந்தே விரிசல் கிளம்பிவிடும்.