மூன்று கிலோ உயிர், ஒரு டம்ளர் இரத்தம்

மூன்று கிலோ எடையுள்ள நாயின் உடலில் ஓடுகிற இரத்தம் மொத்தமே ஏறக்குறைய 250 மில்லி. வீட்டில் தண்ணீர் குடிக்கிற ஒரு டம்ளர் அளவு. அதில் ஐந்து டீஸ்பூன் வெளியேறினாலே பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. முப்பது கிலோ லாப்ரடாருக்கு அதே ஐந்து டீஸ்பூன் நூற்றில் ஒரு பங்குதான். ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்’ என்று நம் ஊரில் சொல்லப்படும் அறுவைச் சிகிச்சைக்குச் சின்ன நாயைத் தயார்ப்படுத்தும்போது தனிக் கவனம் வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பெண் நாயின் வயிற்றைத் திறந்து சூலகங்களையும் கருப்பையையும் எடுத்துவிடுவதுதான் இந்தச் சிகிச்சை. குட்டி போடாமல் தடுப்பது இதன் ஒரு பலன் மட்டுமே. வயதான பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நோய் வருவதுண்டு. காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து ஸ்வீடனில் நடந்த ஆய்வில், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு அது வந்திருந்தது. அங்கே பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு. சீழ் கோத்தபின் நள்ளிரவில் அவசரமாகச் செய்யப்படும் அறுவையைவிட, ஆரோக்கியமாக இருக்கும்போது நாள் குறித்துச் செய்வது எத்தனையோ மேல்.

எப்போது செய்வது? சின்ன இன நாய்களுக்கு முதல் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வருமுன், ஐந்து ஆறு மாத வயதில் செய்யலாம் என்பது பொதுவான பரிந்துரை. ஹீட்டில் இருக்கும்போது செய்யக் கூடாதா என்றால், அவசரம் இல்லாவிட்டால் வேண்டாம். அந்த நாட்களில் கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். திசுக்கள் எளிதில் கிழியும். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் பொறுப்பதே நல்லது. அதனால் ஹீட் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கும் வீட்டார் மருத்துவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறார்கள். இடையில் ஆண் நாயோடு சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் ஸ்கேன் பார்த்துவிடுவது உத்தமம்.

அறுவைக்கு முன் சில பரிசோதனைகள் வேண்டும் என்றால், “தெருநாய்க்கெல்லாம் டெஸ்ட் எடுத்தா ஆபரேஷன் பண்றாங்க?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான நாய்களைக் கையாளும் திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் முழுப் பரிசோதனை நடைமுறையில் முடியாது. மருத்துவர் உடலைப் பார்த்து முடிவெடுக்கிறார். ஆனால் தெருநாய் பெரும்பாலும் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். இழப்பைத் தாங்க அதற்கு உடம்பு இருக்கிறது. மடியில் உட்காரும் பொமரேனியனுக்கும் ஷிட்சூவுக்கும் அந்த வசதி இல்லை.

பரிசோதனைகளில் நம் ஊருக்கு மிக முக்கியமானது இரத்த அணுக்களின் எண்ணிக்கை. காரணம், உண்ணி. பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. முதல் காய்ச்சல் அடங்கியபின் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், நோய் வெளியே தெரியாமல் உள்ளே தங்கியிருக்கும். நாய் ஓடும், சாப்பிடும், குரைக்கும். தட்டணுக்கள் மட்டும் குறைந்தபடி இருக்கும். இந்த நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காமல் கசியும். ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 2 இலட்சத்துக்கு மேல் தட்டணுக்கள் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக வந்தால் உடனே பதற வேண்டியதில்லை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் தவறாக எண்ணிவிடும். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாட்கள். அதன்பின் மறுபரிசோதனை செய்து அறுவைக்கு நாள் குறிக்கலாம்.

அதனால்தான் இரத்தப் பரிசோதனையை அறுவை நாள் காலையில் அல்ல, ஒரு வாரம் முன்பே எடுக்க வேண்டும். லீவு போட்டு, ஆட்டோ பிடித்து, பட்டினியாக நாயைக் கொண்டுவந்த பிறகு “இன்றைக்கு வேண்டாம்” என்று கேட்க யாருக்கும் மனம் வராது.

அதே இரத்தத்தில் கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, புரதம் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். மயக்க மருந்துகளில் பலவற்றை உடைப்பது கல்லீரல். மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சின்ன இனங்களில் சில குட்டிகள், கல்லீரலுக்குப் போக வேண்டிய இரத்தம் வேறு குழாய் வழியே சுற்றிப் போகும் குறையோடு பிறக்கின்றன. வளர்ச்சி குன்றியோ, சாப்பிட்டதும் மந்தமாகவோ இருக்கும் குட்டியிடம் மருத்துவர் இதைச் சந்தேகிப்பார். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவு, அந்த உறுப்பின் முக்கால் பங்கு பழுதான பிறகே ஏறும். ஆகவே அது நார்மல் என்று வந்தாலும் நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது என்பவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெதஸ்கோப் கருவி பழையதுதான், ஆனாலும் அதற்கு ஈடில்லை. பொமரேனியனுக்குப் பிறவியிலேயே வரக்கூடிய இதயக் குழாய்க் குறையும், வயதான சின்ன நாய்களுக்கு வரும் வால்வு நோயும் முதலில் அதில்தான் கேட்கும். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ. கழுத்தில் பட்டை இழுக்கும்போது வாத்து கத்துவதுபோல் இருமுகிற நாய்க்கு மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம். குறட்டை விடும் பக் நாய்க்கு மூச்சு வழியே குறுகல். இரண்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விழாமல் நிற்கும் பால் பற்கள், தொப்புள் குடலிறக்கம் இரண்டும் இருந்தால் அதே மயக்கத்தில் சரிசெய்ய முடியுமா என்றும் கேட்டுவிடலாம்.

எடை பார்ப்பதில் தாராளம் கூடாது. நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறிக் கழித்துப் பார்ப்பது பெரிய நாய்க்குச் சரி. இரண்டரைக் கிலோவை மூன்று என்று எழுதினால் மருந்து ஐந்தில் ஒரு பங்கு கூடிப்போகும். அறுவை நாளன்றே மருத்துவமனைத் தராசில் கிராம் கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.

அதிகக் குழப்பம் வருவது பட்டினி விஷயத்தில். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அதற்காகத்தான் வெறும் வயிறு. ஆனால் முந்தைய நாள் இரவு ஏழு மணியோடு சாப்பாட்டை நிறுத்தி, மறுநாள் மதியம் ஆபரேஷன் என்றால், சின்ன உடம்பில் சேமிப்பு இல்லாததால் சர்க்கரை இறங்கி நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம். அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் 2020-இல் வெளியிட்ட மயக்கவியல் வழிகாட்டுதல், ஆரோக்கியமான நாய்க்கு 4 முதல் 6 மணி நேரப் பட்டினி போதும் என்கிறது. இரண்டு கிலோவுக்குக் குறைவானவற்றுக்கு 1 முதல் 2 மணி நேரம்தான். தண்ணீரைத் தடுக்கத் தேவையில்லை. உங்கள் மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதற்கு அவருக்குக் காரணம் இருக்கும். அவர் சொல்லே முடிவு. ஆனால் கேள்வியைத் துல்லியமாகக் கேளுங்கள்: கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, ஆபரேஷன் எத்தனை மணிக்கு? சின்ன நாயைப் பட்டியலில் முதலாவதாக எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் இரண்டு வாரங்கள் முன்பே முடிந்திருக்க வேண்டும். முந்தைய நாள் குளிப்பாட்டி நன்றாகத் துவட்டிவிடுங்கள். பிறகு தையல் ஆறும்வரை, பத்துப் பதினான்கு நாட்களுக்குக் குளியல் கிடையாது. நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பை முன்னதாகவே வாங்கி, தினம் சிறிது நேரம் மாட்டிப் பழக்குவது நல்லது. நம் வீட்டு வலி மாத்திரைகளைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாய்க்கு நஞ்சு. ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

சென்னை வெயிலில் குளிர் எங்கே என்று தோன்றும். ஏசி அறையில், வயிற்று முடி மழித்து, ஸ்பிரிட் தடவி, மயங்கிக் கிடக்கும் மூன்று கிலோ உடம்பு மளமளவென்று சூட்டை இழக்கும். சுமார் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டிய உடல் குளிர்ந்தால் மயக்கம் தெளியவும் தாமதமாகும். அதனால் ஒரு பழைய மெத்தென்ற போர்வை பையில் இருக்கட்டும்.

பிரிட்டனில் 98,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மயக்கச் சிகிச்சையை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் இறப்பு சுமார் 2,000-க்கு ஒன்று. ஐந்து கிலோவுக்குக் குறைவானவற்றுக்கு ஆபத்து கூடுதல். நேர்ந்த இறப்புகளில் ஏறக்குறைய பாதி அறுவை முடிந்த பிறகு, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆகவே தலை தூக்கி, எழுந்து நின்று, ஈறுகள் இளஞ்சிவப்பாகத் தெரியும்வரை நாய் மருத்துவமனையிலேயே இருக்கட்டும். வீட்டில் ஈறு வெளுத்தாலோ, வயிறு உப்பினாலோ, தையலில் இரத்தம் சொட்டினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்னும் ஒன்றே ஒன்று. “காலையில ஏதாவது சாப்பிட்டுச்சா?” என்று டாக்டர் கேட்கும்போது, பாட்டி பாவப்பட்டு இரண்டு மேரி பிஸ்கட் போட்டிருந்தால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனை நாளைக்குத் தள்ளிவைக்கலாம்.