உயரம்தான் குறைவு... உரிமையும் குறைவா?



உயரம் குறைந்த பெண் ஒருவர் நம்ம பள்ளத்தூர் கடைவீதியில் நடந்து போனால் என்ன நடக்கிறது? பிள்ளைகள் பின்னாலேயே போய்ச் சிரிக்கிறார்கள். பெரியவர்களே ‘குள்ளச்சி’, ‘கட்டை’ என்று கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதானாலும் ‘அக்கா’ என்று சொல்ல வாய் வருவதில்லை, ‘வா, போ’தான். வேலை கேட்டுப் போனால், ‘உன்னால என்ன முடியும்?’ என்ற கேள்வி. வேலை கொடுத்தாலும் கூலியில் குறைப்பு. குழுவில் சேர வந்தால், ‘இவ கடனை எப்படிக் கட்டுவா?’ என்று நாமே தயங்குகிறோம். இது நியாயமா?

ஏன் இப்படிப் பிறக்கிறார்கள்?

பெரும்பாலும் மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம்தான் காரணம். அதனால் கை, கால் எலும்புகள் நீண்டு வளர்வதில்லை. இதில் அதிகம் காணப்படும் வகையில், பத்துப் பேரில் எட்டுப் பேருடைய அப்பா, அம்மா சாதாரண உயரம் உள்ளவர்கள்தான். கிரகணத்தில் வெளியே போனதாலோ, யாரோ விட்ட சாபத்தாலோ வருவதில்லை. எனவே பெற்றவளைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த வகையில் புத்திக்கும் எந்தக் குறையும் இல்லை. முதுகுவலி, கால்வலி வரலாம். இடுப்பு எலும்பு குறுகலாக இருப்பதால் பிரசவத்துக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். ஆகவே கர்ப்பம் ஆனதுமே பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. உயரக் குறைவு அதில் தனியாகச் சொல்லப்படவில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தது. அதில் இதுவும் ஒன்று. மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால், வளர்ந்த பிறகும் 4 அடி 10 அங்குலம் (147 செ.மீ.) அல்லது அதற்குக் குறைவாக இருப்பவர்கள் இதில் வருவார்கள்.

இவர்களைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நாம் விளையாட்டாக நினைக்கிற கேலி எங்கே கொண்டுபோய் விடும் பாருங்கள்! அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

சாதித்தவர்கள்

குஜராத்தைச் சேர்ந்த கணேஷ் பரையா 3 அடி உயரம். நுழைவுத் தேர்வில் தேறியும், உயரத்தைக் காரணம் காட்டி 2018-இல் அவருக்கு டாக்டர் படிப்பில் இடம் மறுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். விடவில்லை, உச்ச நீதிமன்றம் போய் ஜெயித்தார். 2019-இல் பவநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று அவர் டாக்டர்.

ஆர்த்தி டோக்ரா என்ற உயரம் குறைந்த பெண், 2006-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி. ராஜஸ்தானில் பிகானேர் மாவட்டக் கலெக்டராக இருந்தபோது, திறந்தவெளியில் மலம் கழிப்பதை ஒழிக்க இயக்கமே நடத்தினார்.

நம்ம தமிழ்நாட்டு ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சிவன், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் உயரம் குறைந்தவர்களுக்கான பேட்மின்டனில் வெண்கலப் பதக்கம் வாங்கினார்.

இவர்கள் யாரும் உயரமாக வளர்ந்து சாதிக்கவில்லை. கதவு திறந்தது, உள்ளே போனார்கள். அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

நம்ம செட்டிநாட்டு வேலைகளை யோசியுங்கள். கைமுறுக்கு சுற்றுவது, சீப்புச் சீடை செய்வது, கொட்டான் முடைவது எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. உட்கார்ந்துவிட்டால் நெட்டை என்ன, குட்டை என்ன? அடுப்பு மேடை எட்டவில்லையா, ஒரு பலகை போடுங்கள். தையல் மெஷின் மிதி எட்டவில்லையா, மிதியின் மேல் ஒரு கட்டை வைத்துக் கட்டுங்கள். ஆளை மாற்ற முடியாது, பலகையை மாற்றலாம்.

உங்கள் குழுவில் இவற்றைச் செய்யுங்கள்:

* உங்கள் தெருவில் உயரம் குறைந்த பெண் இருந்தால், நீங்களே வீட்டுக்குப் போய்க் குழுவுக்கு அழையுங்கள்.
* சேமிப்பு, கடன், கூலி எல்லாம் மற்றவர்களுக்கு என்ன கணக்கோ அதே கணக்கு. தகுதி இருந்தால் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பும் கொடுங்கள்.
* பேங்க் கவுண்ட்டர் எட்டாவிட்டால், உட்கார்ந்து கையெழுத்துப் போட வசதி செய்து தரும்படி மேனேஜரிடம் கேளுங்கள். இது சலுகை இல்லை, உரிமை.
* மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத் துணைக்குப் போங்கள். டாக்டர்கள் அளந்து பார்த்துச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும்.
* பிள்ளைகள் கேலி செய்தால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள். பட்டப்பெயர் வேண்டாம், அவரவர் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

‘பொம்பளைக்கு என்ன தெரியும்?’ என்று ஒரு காலத்தில் நம்மையும்தான் ஒதுக்கி வைத்தார்கள். குழுவாகச் சேர்ந்த பிறகுதானே பேங்க் வாசலை மிதித்தோம்? நமக்குத் திறந்த கதவை இன்னொருத்திக்கு நாமே சாத்தலாமா?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள் சகோதரிகளே. பேசிவிட்டு, அன்றைக்கே போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.