மருந்து கேட்காதபோது

"ரெண்டு மாசமா மாத்திரை போடுறேன், ஒண்ணும் கேட்கல." மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. சொன்ன கையோடு இன்னொன்றையும் சேர்த்துவிடுவார்கள்: "எனக்கு இனிமே சரியாகாது." முதலாவது, டாக்டரிடம் போய்ச் சேரவேண்டிய ஒரு தகவல். இரண்டாவதைச் சொல்வது நோய். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால்தான் மேலே பேச முடியும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நேரமாகும்.

கேட்கவில்லை என்று கண்டுபிடித்தது யார்? சோர்ந்து கிடக்கும் அதே மனம்தான். நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு பத்து நிமிஷம் பேசிச் சிரித்தது அதன் கணக்கில் வராது. இன்று காலை எழ முடியாமல் போனது மட்டும் வரும். முள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட தராசில் நிறுத்துப் பார்ப்பது மாதிரி. அதற்காக அவர் சொல்வது தப்பு என்று ஆகிவிடாது. மருந்து நிஜமாகவே வேலை செய்யாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து இன்னொரு அளவு வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கென்றே பி.எச்.கியூ-9 என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்பதே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. தமிழிலும் கிடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி, தேதியோடு எண்ணைக் குறித்துவைத்தால் போதும். 20-இல் ஆரம்பித்தவர் 14-க்கு வந்திருந்தால், அவருக்கு இன்னும் நரகமாகத்தான் இருக்கும். ஆனால் ஏதோ அசைந்திருக்கிறது. பாதியாகக் குறைந்தால் மருந்துக்குப் பலன் இருக்கிறது என்பார்கள். 5-க்குக் கீழே இறங்கினால்தான் நோய் அடங்கியது என்று கணக்கு. இன்னொரு அளவுகோல் வீட்டில் இருப்பவர்கள். "முந்தி குளிக்கவே மாட்டான், இப்ப அவனே துண்டை எடுத்துட்டுப் போறான்" என்று அம்மா கவனித்துச் சொல்வது பல நேரம் நோயாளி உணர்வதற்கு முந்திவிடும். தூக்கமும் பசியும் கொஞ்சம் திரும்பிய பிறகும் சந்தோஷம் உடனே வராது. அதை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு, எதுவுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும்.

அடுத்தது நாள் கணக்கு. எசிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் போன்ற மாத்திரைகளில் குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் மெதுவாகத்தான் வரும். சரியான டோஸில் நான்கிலிருந்து ஆறு வாரமாவது பார்க்கவேண்டும் என்பது பொது வழக்கம். நான்கு வாரமாகியும் எள்ளளவும் மாற்றமில்லை என்றால் காத்திருப்பதில் பெரிய பயனில்லை. டாக்டரைப் பார்த்து டோஸைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று கேட்கவேண்டும். கொஞ்சம் அசைந்திருந்தால் இன்னும் சில வாரம் கொடுத்துப் பார்க்கலாம். இந்த 'சரியான டோஸ்' என்பதில்தான் நம்மூரில் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் குறைவாகத்தான் எழுதிக்கொடுப்பார்கள், உடம்பு பழகட்டும் என்று. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். போகமாட்டோம். அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்போம். ஆரம்ப டோஸிலேயே ஆறு மாதம் ஓடிவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. பல சீட்டுகளில் மனச்சோர்வு மாத்திரையோடு குளோனாசிபாம் போன்ற ஒரு தூக்க மாத்திரையும் சேர்ந்திருக்கும். அது அன்றைக்கு ராத்திரியே வேலையைக் காட்டிவிடும். மற்றது ஒரு மாதம் கழித்துத்தான் காட்டும். எதைத் தொடர்ந்து சாப்பிட்டு எதை விடுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. நியாயப்படி நேர்மாறாக இருக்கவேண்டும்: பழக்கமாகிவிடக் கூடியது என்பதால் தூக்க மாத்திரையைத்தான் சில வாரங்களில் டாக்டர் சொல்படி குறைத்துக்கொண்டு வரவேண்டும். இரண்டும் ஒரே மாத்திரையாகக் கலந்தும் கடையில் கிடைக்கிறது. அதைச் சாப்பிடுகிறவருக்கு எது எதைச் செய்கிறது என்றே தெரிய வழியில்லை. உங்கள் சீட்டில் எந்த மாத்திரை எதற்கு என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வதை நான் எந்த அறிவுரைக்கும் முன்னால் வைப்பேன்.

மாத்திரை விட்டுப்போவதும் உண்டு. விரத நாள், ஊருக்குப் போன நாள், "இதெல்லாம் சாப்பிட்டா பைத்தியம்னு சொல்லுவாங்க" என்று மாமியார் வந்திருந்த நாள். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்துவிடுவது இந்த மாத்திரைகளின் பரவலான பக்கவிளைவு. அதனால் நிறுத்துகிறவர்கள் அநேகம், அதை டாக்டரிடம் சொல்கிறவர்கள் சிலர்தான். சொன்னால் மாற்று உண்டு. சொல்லாமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் மின்சாரம் சுண்டுவது போன்ற உணர்வு எல்லாம் வரும். பரோக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் மாதிரி மருந்துகளில் இது கூடுதல். "நிறுத்தினா இன்னும் மோசமாகுது, மாத்திரை என்னை அடிமையாக்கிடுச்சு" என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். படிப்படியாகக் குறைத்திருந்தால் இவ்வளவு அவதி இருந்திருக்காது.

சரி, நாள் ஆயிற்று, டோஸும் சரி, ஒரு வேளைகூட விடவில்லை. அப்படியும் கேட்கவில்லையா? நோய் வேறு ஏதாவதா என்று பார்க்கவேண்டும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் உடம்பும் மனசும் சேர்ந்தே கனத்துப்போகும். ரத்தசோகையும் பி12 குறைவும் அப்படித்தான். வேறு நோய்க்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு மனநிலையைப் புரட்டிப்போடலாம். பெருங்குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுகிறவருக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் பகலில் அசதி விலகாது. இவற்றில் பலவற்றுக்குச் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். ஓ.பி.யில் யாரும் எழுதித் தரவில்லை என்றால் நாமே கேட்கலாம், தப்பில்லை.

குடியைத் தனியாகச் சொல்லவேண்டும். சோர்வு தாங்காமல் குடிக்கிறார்கள். குடி சோர்வைக் கூட்டுகிறது. காலையில் மாத்திரை, ராத்திரி டாஸ்மாக் என்று போகிறது. இதில் மாத்திரை தோற்றதாகச் சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம். திட்டுவார் என்று பயந்து டாக்டரிடம் இதை மறைக்கிறார்கள். டாக்டரோ, மறைத்ததை அறியாமல் டோஸைக் கூட்டுகிறார்.

இன்னொரு கேள்வி மிகவும் முக்கியம். வாழ்க்கையில் எப்போதாவது ஒரு வாரம், பத்து நாள், தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், உலகத்தையே வாங்கிவிடலாம் என்ற வேகத்தில் செலவு செய்துகொண்டு திரிந்த காலம் இருந்ததா? இருந்திருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் கேட்காமல் போகலாம், எதிர்ப்பக்கத்துக்குத் தூக்கியும் அடிக்கலாம். துள்ளலாக இருந்த காலத்தை யாரும் நோய் என்று நினைத்துச் சொல்வதில்லை. கூடப் போகும் அண்ணனோ மனைவியோதான் சொல்லவேண்டும்.

இத்தனையும் சரிபார்த்து, இரண்டு மருந்துகளைப் போதிய டோஸில் போதிய நாள் கொடுத்தும் அடங்கவில்லை என்றால்தான் மருத்துவர்கள் 'சிகிச்சைக்கு எளிதில் பணியாத மனச்சோர்வு' என்ற வகையில் சேர்க்கிறார்கள். பெயர் பயமுறுத்துகிறது. ஆனால் முதல் மருந்திலேயே முழுக்கச் சரியாகாதது அபூர்வமே இல்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து நடத்தி, 2006-இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் நோய் அடங்கியது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். அடுத்ததுக்கு மாறியவர்களில் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாவது, நான்காவது படிகளில் ஏழில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிட்டது. நான்கு படிகளையும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பேருக்குக் குணம் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். பாதியில் விலகியவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் தகராறு. 2023-இல் அதே தரவை மறுபடி அலசிய ஒரு குழு, அது 35 சதவீதம்தான் என்றது. பெரிய எண்ணை மட்டும் சொல்லி ஆறுதல் தர எனக்கு மனம் வரவில்லை. முதல் மருந்து தவறினால் அடுத்ததற்கு நல்ல வாய்ப்பு உண்டு, மருந்தை மட்டும் வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பலன் குறைந்துகொண்டே வரும் என்பதுதான் இரண்டு கணக்கிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது.

வேறு கதவுகளும் இருக்கின்றன. பழைய மருந்தோடு லித்தியமோ அரிப்பிப்ரசோல், குவெட்டியாபின் போன்றவையோ சேர்ப்பது ஒன்று. லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்கவேண்டும். தலைக்கு வெளியே காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். 2008-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மயக்க மருந்தான கெட்டமினின் உறவான எஸ்கெட்டமின் 2019-இல். அப்புறம், ஷாக் ட்ரீட்மென்ட். நம் சினிமா அதைத் தண்டனையாகவே காட்டிக் காட்டி நிறையக் கெடுதல் செய்துவிட்டது. 1938-இல் ரோமில் தொடங்கிய அந்தச் சிகிச்சை இன்று மயக்கம் கொடுத்து, தசையைத் தளர்த்திவிட்டுத்தான் செய்யப்படுகிறது. அப்படியில்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தியாவில் தடைசெய்திருக்கிறது. சில காலத்துக்கு ஞாபக மறதி வரலாம், சிலருக்குச் சில பழைய நினைவுகள் திரும்பாமலே போகலாம். அதை மறைக்கக் கூடாது. ஆனால் சாப்பாட்டையே மறுத்துப் படுத்துவிட்ட கடும் சோர்வில் அதைவிடப் பலன் தருவது வேறில்லை.

மாத்திரைக்கு வெளியிலும் பார்க்கவேண்டும். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான், வீட்டில் அடி விழுகிறது என்றால் எந்த மாத்திரையும் அதைத் தீர்க்காது. பேச்சுச் சிகிச்சை இங்கே உதவும், ஆனால் கவுன்சிலிங் என்றாலே அறிவுரை என்று ஆகிவிட்டது. நல்ல சிகிச்சையாளர் அறிவுரை சொல்லமாட்டார். கோவாவில் மனநலப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு முறை நோயாளிகளோடு உட்கார்ந்து பேசவைத்தார்கள். 2017-இல் வெளியான அதன் முடிவுகள் நன்றாகவே இருந்தன. அவர்கள் செய்ததன் மையம் எளியது: மனசு வந்த பிறகு வேலை என்று காத்திராமல், சின்ன வேலையை முதலில் செய்வது. மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, தெருமுனைவரை நடப்பது. பிடிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளாமல், செய்ததைக் குறித்துவைப்பது. மருந்து மாறும் இடைவெளியில் நாட்களைத் தள்ள எனக்குத் தெரிந்து இதைவிட உருப்படியான வழியில்லை.

அந்த இடைவெளியில்தான் செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைதூக்கும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் இது கூடலாம் என்பதால் வீட்டார் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சொல்லாமல் இருக்கவேண்டாம். எண்ணம் குற்றமில்லை, முயன்றவரைக்கூட தண்டிக்கக் கூடாது என்பதே 2017 சட்டத்தின் நிலை. அடுத்த ஓ.பி. நாள்வரை தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடமோ அவசரப் பிரிவுக்கோ போகலாம். டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 இரண்டிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த வேளையில் அவரைத் தனியே விடாமல் யாராவது கூடவே இருக்கவேண்டும், வீட்டில் மாத்திரை டப்பா யாராவது ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

டாக்டரைப் பார்க்கும் நேரம் நம்மூரில் சில நிமிஷம்தான். அதற்குள் "எப்படி இருக்கீங்க?" "அப்படியேதான் சார்" என்று முடிந்துவிடும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள், என்ன டோஸ், எத்தனை நாள், ஏன் நிறுத்தினீர்கள், கேள்வித்தாளின் எண்கள், விட்டுப்போன நாட்கள், குடி, தூக்கம். டாக்டரை மாற்றுவதாக இருந்தால் பழைய சீட்டுகளை எறியாமல் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் புதியவர் முதல் மருந்திலிருந்தே மறுபடி தொடங்குவார், இன்னொரு ஆறு வாரம் போகும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இலவச மாத்திரையும் உண்டு. செலவுதான் தடையென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், மலிவான மாற்று பெரும்பாலும் இருக்கும். முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். நீங்கள் "அப்படியேதான்" என்று சொன்ன பிறகு, போன வாரம் நீங்களே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததை அவர் ஞாபகப்படுத்துவார்.