ஓர் ஆள்களப் பெயர் விலைபோக எவ்வளவு காலம்?

இணையத்தள முகவரியாக அமையும் பெயரை எமது பாடநூல் ஆள்களப் பெயர் என்கிறது. ஒரு பெயரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்கலாம். ஆகவே நல்ல பெயருக்குக் காணியைப் போல விலை உண்டு. ஆனால் காணி உறுதியைப் போல அது நிரந்தரமானதல்ல. கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வியாபாரத்தில் பெயரைக் கைமாற்றுவது இலகு. வாங்குபவர் பணத்தை நம்பிக்கையான ஒரு இடைநிலை நிறுவனத்திடம் ஒப்படைப்பார், விற்பவர் பெயரை மாற்றிக் கொடுப்பார், அதன் பின் பணம் விடுவிக்கப்படும். சில நாட்களில் முடிந்துவிடும். புதிதாகப் பதிந்த பெயரை வேறொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதென்றால் மட்டும் வழக்கமாக 60 நாட்கள் பொறுக்க வேண்டும்.

காலம் எல்லாம் போவது வாங்க ஒருவர் வரும்வரைதான். பிஸ்னஸ் டொட் கொம் என்ற பெயர் 1997இல் 150,000 டொலருக்கு வாங்கப்பட்டு, 1999இல் 7.5 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள்! இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வொய்ஸ் டொட் கொம் 2019இல் 30 மில்லியன் டொலருக்குப் போனது. அதை விற்ற மைக்ரோஸ்ட்ரட்டஜி நிறுவனத்திடம் அப்பெயர் 1990களிலிருந்தே இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. இரண்டுமே ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ஒற்றைச் சொற்கள். அப்படிப்பட்டவை இன்று பதிவதற்கு மிச்சமில்லை.

சாதாரணப் பெயர்களின் நிலை என்ன? நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களே சொல்லும் கணக்கு. என் நானா இருபது பெயர் வாங்க வாப்பாவின் வங்கி அட்டையைக் கேட்டபோது, நான் இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். இருபது பெயரில் ஒன்று விற்க இரண்டரை முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 12 டொலர் என்று வைத்தால், ஐந்து ஆண்டில் 1,200 டொலர் கட்டியிருப்போம். விற்கும் அந்த ஒன்று அதற்கு மேல் விலைபோனால்தான் இலாபம். வாப்பா தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு பேர் மட்டும் வாங்கிப் பாரு மகன்" என்றார். எனக்கு அதுவும் கூடத்தான்.

பிரபல நிறுவனத்தின் பெயரைப் பதிந்துவைத்தால் விரைவாக விற்கலாம் என நினைப்பவர்களும் உண்டு. அது வியாபாரமல்ல. வர்த்தகக் குறி உரிமையாளர் முறையிட்டால் பெயரைப் பறித்துக் கொடுக்க 1999 முதல் சர்வதேச விதிமுறை இருக்கிறது. பெயருக்கு ஒரு சதமும் கிடைக்காது.

சலித்துப்போய்ப் புதுப்பிக்காமல் விட்டால், சலுகைக் காலம் கடந்த பின் மீட்டெடுக்க 30 நாட்கள் தருவார்கள். அதற்குத் தனிக் கட்டணம். அதுவும் கடந்து இன்னும் ஐந்து நாட்களில் டொட் கொம் பெயர் அழிக்கப்பட்டு, முதலில் கேட்பவருக்குப் போய்விடும்.