நன்றி செயலுக்கு, சீருடைக்கு அல்ல

2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்த டித்வா புயல் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. மண்சரிவாலும் வெள்ளத்தாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. பாதைகள் துண்டிக்கப்பட்ட அந்த நாட்களில் மலையகத்தில் மீட்பு வேலையின் பெரும்பங்கு முப்படையினரின் தோளில்தான் விழுந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதல்ல. நவம்பர் 30ஆம் திகதி நிவாரணப் பணியில் இருந்த விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் லுணுவிலவில் விழுந்து விமானி உயிரிழந்தார். சுண்டிக்குளம் பகுதியில் வெள்ளநீர் வடிவதற்காக முகத்துவாரத்தை அகலப்படுத்தச் சென்ற கடற்படையினர் ஐவர் பலியாயினர். முன்பின் தெரியாத மனிதர்களுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல இனமோ மொழியோ தடையாக இருக்கக்கூடாது. ஆனால் அந்த நன்றியை எப்படிச் சொல்வது, எதற்காகச் சொல்வது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

ஆண்டுதோறும் மே 19ஆம் திகதி படையினரை நினைவுகூரும் அரச விழா நடக்கிறது. படையினரின் நலனுக்கென 1999இல் சட்டம் இயற்றி ரணவிரு சேவா அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. இருந்தும் 12 ஆண்டு சேவையை முடிக்கும் முன்பே காயமடைந்து விலகிய அங்கவீனமுற்ற படையினர், 2016இல் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு கோட்டையில் வீதியில் அமர வேண்டியிருந்தது. அவர்கள்மீது பொலிஸார் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் பிரயோகித்தனர். இந்தக் குறை புதியதுமல்ல. முதல் உலகப்போர் வீரர்களுக்காக நவம்பர் 11இல் இங்கு விற்கப்பட்ட பொப்பி மலரின் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போனது. இலங்கை முன்னாள் படையினருக்கு உதவ, அதற்குப் போட்டியாக 1931இல் தொடங்கியதுதான் சூரியமல் இயக்கம். கொடியும் மலரும் மனதைத் தொடலாம். காயம்பட்டவரின் வீட்டுக்கு எதுவும் போய்ச் சேராவிட்டால் அந்த நன்றி பாதியிலேயே நின்றுவிடுகிறது.

மாத்தளையில் படையினருக்கு நன்றி சொல்வதற்கு வலுவான மறுப்பும் உண்டு. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் கட்டுமான வேலையின்போது தோண்டியெடுக்கப்பட்ட மனித எச்சங்கள் நூற்றைம்பதுக்கும் அதிகம். அவை 1980களின் இறுதியைச் சேர்ந்தவை என ஓர் ஆய்வும், 1950க்கு முற்பட்டவை என ஜனாதிபதி ஆணைக்குழுவும் கூறின. 1980களின் இறுதியில் ஜே.வி.பி. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு ஆணைக்குழுவின் முடிவு ஆறுதல் தரவில்லை. 2009 வரையிலான போரில் உறவுகளை இழந்த தமிழர்களும் இதே வலியோடுதான் படையினரைப் பார்க்கிறார்கள். இவர்களிடம் நன்றி கேட்பது கொடுமையல்லவா? ஆம், கேட்பது கொடுமைதான். கட்டளையிட்டுப் பெறுவது நன்றியாகாது. ஆனால் சேற்றில் இறங்கி ஒருவரைத் தூக்கிய இளைஞனுக்குச் சொல்லும் நன்றி, இன்னொருவர் செய்த குற்றத்துக்கான மன்னிப்பு ஆகிவிடாது. செயலுக்கு நன்றி சொல்பவரால்தான் செயலைக் கேள்வி கேட்கவும் முடியும். சீருடைக்கே நன்றி சொல்லிவிட்டால் கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

சம்பளம் வாங்கிச் செய்யும் வேலைக்கு நன்றி எதற்கு என்று கேட்போரும் உண்டு. சம்பளம் நேரத்துக்கும் உழைப்புக்கும் ஈடாகலாம், உயிருக்கு ஈடாகாது. தாதிக்கும் தீயணைப்பு வீரருக்கும் தோட்டத்துச் சுகாதார உத்தியோகத்தருக்கும் இதே நியாயம் பொருந்தும். அன்றாட நன்றிக்குப் பெரிய மேடை தேவையில்லை. முகாமுக்குத் திரும்பும் சிப்பாயிடம் செய்த உதவியைக் குறிப்பிட்டுச் சொல்லும் ஒரு வார்த்தை, அங்கவீனமுற்றவரைப் பிரதேச செயலகத்தில் காத்திருக்க விடாத ஓர் உத்தியோகத்தர், அவருக்குத் தொழில் கொடுக்கும் ஒரு கடைக்காரர், கணவனை இழந்தவரின் கொடுப்பனவு தாமதமானால் குரல் கொடுக்கும் ஓர் அயலவர் என்று அது தொடங்கலாம். காணாமல் போனவர்களின் தாய்மாருக்கு உண்மை கிடைக்கவேண்டும் என்று கேட்பதும் அதே மனச்சாட்சியின் வேலைதான். இரண்டையும் ஒரே வாயால் பேசக்கூடிய சமூகத்தின் நன்றிதான், நேர்மையாகப் பணியாற்றும் படைவீரருக்கும் பெருமை தரும்.